ஃபெர்ரோகர்ரில்: சொல்லும் கழகமும்

ஃபெர்ரோகர்ரில் என்பது ஸ்பானியச் சொல். ரயில் ஓடும் பாதை, அந்தப் பாதையை நடத்தும் நிறுவனம் ஆகிய இரண்டையும் குறிக்கும். தமிழில் இந்தச் சொல் கண்ணில் படுவது பெரும்பாலும் விளையாட்டுப் பக்கத்தில்தான். அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் ‘ஃபெர்ரோ கர்ரில் ஓஎஸ்தே’ என்றொரு பெரிய கழகம் இருக்கிறது. கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, ஹாக்கி, டென்னிஸ், நீச்சல் என்று பல விளையாட்டுகளுக்கும் ஒரே கூரை. 1904 ஜூலை 28 அன்று ரயில்வே ஊழியர்கள் கூடித் தொடங்கியது. ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்து ‘ஃபெரோ கேரில் ஓஸ்ட்’ என்று படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். பெயரின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், கழகத்தின் கதையில் பாதி கையில் கிடைத்துவிடும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஃபெர்ரோ’ என்றால் இரும்பு. இலத்தீனின் ‘ஃபெர்ரும்’ தான் இதற்கு வேர். இன்றைய ஸ்பானியத்தில் இரும்பை ‘இயெர்ரோ’ என்கிறார்கள். இலத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த ஃப ஒலி ஸ்பானியப் பேச்சில் காலப்போக்கில் தேய்ந்துவிட்டது. ஆனால் இரும்பை முன்னொட்டாக வைத்துப் புதுச் சொல் கட்டும்போது பழைய வடிவமே திரும்பி வருகிறது. ‘கர்ரில்’ என்பதன் அடி ‘கார்ரோ’, அதாவது வண்டி. வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்துவிட்டுப் போகும் தடம்தான் கர்ரில் என்பதன் முதற்பொருள். நாம் வண்டித்தடம் என்கிறோமே, அதேதான். பிற்பாடு அது தண்டவாளத்துக்கும் ஆகிவந்தது. இன்று சாலையில் வாகனங்கள் செல்லும் ஒவ்வொரு தடத்துக்கும் அதே சொல்தான். ‘ஓஎஸ்தே’ என்றால் மேற்கு. ஆக, கழகத்தின் பெயருக்கு நேர்ப்பொருள் ‘மேற்கு இருப்புப்பாதை’.

இருப்புப்பாதை என்ற தமிழ்ச் சொல்லும் ஃபெர்ரோகர்ரிலும் ஒரே மாதிரிக் கட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தமிழ் மட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷெமான் த ஃபேர்’ என்கிறார்கள்: இரும்பு வழி. ஜெர்மானியரின் ‘ஐசன்பான்’, இத்தாலியரின் ‘ஃபெர்ரோவியா’, துருக்கியரின் ‘தெமிர்யோலு’, ருஷ்யரின் ‘ஷெலேஸ்னயா தரோகா’, சீனரின் ‘தியெ லூ’, எல்லாமே இரும்பும் வழியும் சேர்ந்தவைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அதிசயத்தை முதன்முதலாகப் பார்த்த மக்களின் கண் நேராகத் தரைக்குப் போயிருக்கிறது. வண்டி ஏற்கெனவே பழகிய பொருள். இரும்பால் போட்ட பாதைதான் புதுசு. ஆங்கிலத்தில் மட்டும் ‘ரயில்’ என்ற சொல் நிலைத்தது. நேர்கோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த அதற்கு, கிடையாகப் போட்ட சட்டம் என்று பொருள். தமிழுக்கு வந்ததும் அந்தச் சொல் தரையிலிருந்து எழுந்து வண்டியாகவே ஆகிவிட்டது. ‘ரயில் வந்துவிட்டது’ என்று நாம் சொல்லும்போது சட்டம் வந்ததாக யாரும் நினைப்பதில்லை.

இருப்புப்பாதையா, இரும்புப்பாதையா என்ற கேள்வி அடிக்கடி எழும். இரும்பு என்ற சொல்லோடு இன்னொரு சொல் சேரும்போது நடுவில் உள்ள மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிவது பழைய வழக்கம். இரும்பு, சட்டி இரண்டும் சேர்ந்து இருப்புச்சட்டி. இரும்பு, ஆணி சேர்ந்து இருப்பாணி. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு. அந்த வரிசையில்தான் இருப்புப்பாதையும் வருகிறது. கையிருப்பில் வரும் இருப்புக்கும் இதற்கும் உறவு இல்லை. இரும்புப்பாதை என்று எழுதினாலும் பொருள் விளங்கும். ஆனால் இருப்புப்பாதைதான் மரபான வடிவம், அதையே எழுதலாம்.

சரி, எந்த இருப்புப்பாதை? ஏன் மேற்கு?

அர்ஜென்டினாவின் முதல் ரயில்பாதை இதுதான். 1857 ஆகஸ்ட் 29 அன்று திறந்தார்கள். நீளம் வெறும் 10 கிலோமீட்டர். இன்று கோலோன் இசையரங்கம் நிற்கும் இடத்திலிருந்து கிளம்பி, அப்போது ஊருக்கு வெளியே இருந்த ஃப்ளோரெஸ்தா வரை போனது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ‘லா போர்தேஞ்ஞா’ என்ற எஞ்சின்தான் முதல் வண்டிகளை இழுத்தது. ‘துறைமுகத்துக்காரி’ என்று பொருள். புவெனஸ் அயர்ஸ் ஊர்க்காரர்களுக்கே அதுதான் பட்டப்பெயர். அந்த எஞ்சின் இப்போது லுஹான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து பார்த்தால் பாம்பாஸ் சமவெளி மேற்கே விரிகிறது. பாதையும் அங்கேதான் போனது. அப்புறம் வந்த நிறுவனங்களும் திசைப்பெயரையே வைத்துக்கொண்டன: தெற்குப் பாதை, வடக்குப் பாதை என்று. மேற்குப் பாதை நெடுங்காலம் புவெனஸ் அயர்ஸ் மாகாண அரசின் கையில் இருந்து, 1890-ல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. கழகம் தொடங்கியபோது முதலாளிகள் பிரிட்டிஷ்காரர்கள். கால்பந்தும் அவர்களோடு கப்பலேறி வந்ததுதான்.

ரயில்வே ஊழியர்கள் விளையாட்டுக் கழகம் தொடங்குவது அந்தக் காலத்தில் தென் அமெரிக்கா முழுக்க நடந்தது. பணிமனை, அலுவலகம், நிலையம் என்று நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். வேலை நேரம் மணியடித்தாற்போல் தொடங்கி முடிந்தது. தண்டவாளத்தை ஒட்டி நிறுவனத்தின் நிலம் கிடந்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வண்டியும் இருந்தது. 1889-ல் ரொசாரியோவில் மத்திய அர்ஜென்டினா ரயில்வே ஊழியர்கள் தொடங்கியது இன்றைய ரொசாரியோ சென்ட்ரல். 1891-ல் உருகுவேயில் மத்திய உருகுவே ரயில்வே கிரிக்கெட் கிளப்பாகத் தொடங்கியது இன்றைய பெஞ்ஞாரோல். கோர்தொபா நகரத்தின் ‘தாயெரெஸ்’ என்ற பெயருக்குப் பணிமனைகள் என்றே பொருள். அதுவும் ரயில்வே பணிமனைதான்.

மேற்குப் பாதைக்காரர்கள் கபஷீத்தோ பகுதியில் மைதானம் அமைத்தார்கள். கபஷீத்தோ என்றால் குட்டிக்குதிரை. அந்தப் பக்கம் இருந்த ஒரு சாராயக்கடையின் கூரையில் குதிரை வடிவில் காற்றுத் திசைகாட்டி ஒன்று நின்றது; அதைவைத்தே ஊருக்குப் பெயர் வந்துவிட்டது. மைதானம் 1905 ஜனவரியில் திறக்கப்பட்டது. இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பக்கத்திலேயே தண்டவாளம். பார்வையாளர் உட்கார நெடுங்காலம் மரப்படிகளே இருந்ததால் ‘மரக் கோயில்’ என்று செல்லப்பெயர். சட்டை பச்சை நிறம். அதனால் அணியை ‘வெர்தொலாகா’ என்பார்கள். நம் பருப்புக்கீரைக்கு ஸ்பானியத்தில் அதுதான் பெயர்.

இந்தக் கழகத்தின் பெயர் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் 1948-ல் நடந்த ஒரு சங்கதி. அதிபர் பெரோனின் அரசு அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிரிட்டிஷ் ரயில்வே நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. திசைப்பெயர்கள் போய், நாட்டுத் தலைவர்களின் பெயர்கள் வந்தன. தெற்குப் பாதை ரோகா ஆனது. மத்திய அர்ஜென்டினா மித்ரே ஆனது. மேற்குப் பாதைக்கு, பள்ளிக்கல்வியைப் பரப்பிய முன்னாள் அதிபர் சார்மியெந்தோவின் பெயர். இன்று கபஷீத்தோ வழியாகப் போகும் வண்டியில் ஏறி ‘இது ஓஎஸ்தே பாதையா’ என்று யாரும் கேட்பதில்லை. சார்மியெந்தோ என்றால்தான் தெரியும். பாதை தன் பெயரை இழந்தது. கழகம் மாற்றவில்லை. ஆக, 1857-ல் தொடங்கிய ரயில்வேயின் பெயரை இன்று உரக்கச் சொல்பவர்கள் பச்சைச் சட்டை போட்ட ரசிகர்கள்தான். அவர்களும் சுருக்கி ‘ஃபெர்ரோ’ என்றே கூப்பிடுகிறார்கள். வெறும் ‘இரும்பு’.

இந்த இரும்பு நன்றாகப் பழுத்துச் சிவந்த காலம் 1980-கள். பயிற்சியாளர் கார்லோஸ் திமொத்தேயோ கிரிகோல் தலைமையில் 1982-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் போட்டியில் கோப்பையை வென்றார்கள். 1984-ல் மறுபடியும் இறுதிக்கு வந்தார்கள். எதிரே ரிவர் பிளேட். முதல் ஆட்டம் ரிவரின் சொந்த மைதானத்தில். அங்கேயே 3-0. இரண்டாவது ஆட்டம் கபஷீத்தோவில். ஃபெர்ரோ 1-0 என்று முன்னால் இருந்தபோது எதிரணி ரசிகர்கள் பக்கம் மரப்படிகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆட்டம் அதோடு நின்றது. கோப்பை ஃபெர்ரோவுக்கே. அந்த அணியின் ஆஸ்கார் கார்ரே 1986-ல் உலகக் கோப்பை வென்ற அர்ஜென்டினா அணியிலும் இருந்தார்.

கூடைப்பந்தில் இன்னும் பெரிய வேலை நடந்தது. ஃபெர்ரோவின் பயிற்சியாளர் லியோன் நாஹ்னுதெல். தலைநகரில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் அர்ஜென்டினாவின் கூடைப்பந்து வளராது, உள்நாட்டு ஊர்களின் அணிகளும் வாரந்தோறும் மோதும் தேசிய லீக் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1985-ல் லீக் பிறந்தது. முதல் பட்டத்தையே ஃபெர்ரோ வென்றது. 1986, 1989-லும் வென்றது. அதற்கு முன்பே 1981, 1982 ஆண்டுகளில் தென் அமெரிக்கக் கழகப் பட்டமும் வந்திருந்தது. நாஹ்னுதெல் 1998-ல் இறந்தார். ஆறு ஆண்டு கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினா தங்கம் வாங்கியபோது, அந்த அணி அவர் போட்ட லீக்கில் வளர்ந்த பிள்ளைகளின் அணி. அதில் ஒருவரான லூயிஸ் ஸ்கோலா ஃபெர்ரோவில் ஆடத் தொடங்கியவர்.

பின்னால் இறக்கம். 2000-ல் கால்பந்தின் முதல் நிலையிலிருந்து இறங்கியது. 2002-ல் திவால் என்று அறிவிக்கப்பட்டு, நீதிமன்றம் நியமித்தவர்களின் நிர்வாகத்துக்குப் போனது. 2014-ல்தான் உறுப்பினர்கள் கைக்குத் திரும்பியது.

‘உறுப்பினர்கள் கைக்கு’ என்பது முக்கியம். அர்ஜென்டினாவில் இத்தகைய கழகத்துக்கு முதலாளி கிடையாது. சந்தா கட்டும் ஒவ்வொருவரும் ‘சோசியோ’. தலைவரை வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. அதனால் கிளப் என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதையும் பார்த்துவிடலாம். மன்றம், சங்கம், கழகம் மூன்றும் வழக்கில் இருக்கின்றன. என் தேர்வு கழகம். இந்தச் சொல் விளையாட்டோடு பிறந்தது. குறளில் சூது அதிகாரத்தில் ‘கவறும் கழகமும் கையும்’ என்று வருகிறது. கவறு என்றால் தாயக்கட்டை, கழகம் அதை உருட்டும் இடம். கம்பரிடம் வரும்போது பொருள் உயர்ந்துவிடுகிறது. கோசல நாட்டைப் பாடும்போது பெண்கள் பந்தாடும் இடத்தையும், முருகனைப் போன்ற இளைஞர்கள் ‘கலைதெரி கழகம்’ என்பதையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைக்கிறார். ஆடுவது, கற்பது, கூடுவது மூன்றும் சேர்ந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. பல விளையாட்டுகள் கொண்டதைப் ‘பல்விளையாட்டுக் கழகம்’ எனலாம்.

ஃபெர்ரோகர்ரில் பொதுச்சொல்லாக வந்தால் இருப்புப்பாதை என்றோ, நிறுவனத்தைக் குறித்தால் ரயில்வே என்றோ எழுதுவது சரி. தொடர்வண்டி, புகைவண்டி, இலங்கையில் வழங்கும் புகையிரதம் ஆகியவை வண்டியைச் சொல்வன, இங்கே பொருந்தா. கழகத்தின் பெயராக வந்தால் மொழிபெயர்க்கக் கூடாது. ‘மேற்கு இருப்புப்பாதை அணி வென்றது’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. முதல்முறை முழுப்பெயர், பக்கத்தில் பொருள், அப்புறம் ஃபெர்ரோ. அவ்வளவு போதும்.

இதே இரும்பு வேறு கழகப் பெயர்களிலும் ஒளிந்திருக்கிறது. சரயேவோவில் 1921-ல் தொடங்கிய ‘ஷெல்யெஸ்னிச்சார்’ என்றால் ரயில்வேக்காரர், ‘ஷெல்யெஸோ’ இரும்பு. ருமேனியாவின் க்ளூஜ் நகரக் கழகம் 1907-ல் பிறந்தபோது ஊர் ஹங்கேரியர் ஆட்சியில் இருந்தது. பெயரில் ‘வஷூதஷ்’ என்ற சொல் இருந்தது, ‘வஷ்’ என்றால் இரும்பு. ஊர் ருமேனியாவுக்குப் போனபின் பெயர் சிஎஃப்ஆர் ஆனது; ருமேனிய ரயில்வேயின் சுருக்கப்பெயர் அது. நடுவில் உள்ள எஃப் ‘ஃபெராதே’, இரும்பாலானவை. ஆட்சி மாறி மொழி மாறியும் இரும்பு போகவில்லை. போர்த்துகீசியம் பேசும் நாடுகளில் ‘ஃபெர்ரோவியாரியோ’ என்ற பெயரைக் கண்டால் அதற்கும் ரயில்வே தொழிலாளர் என்றே பொருள் கொள்ளுங்கள்: பிரேசிலின் ஃபோர்தலேசாவில் 1933-லிருந்து ஒன்று, மொசாம்பிக்கின் மாபுத்தோவில் 1924-லிருந்து ஒன்று.