வின்செஸ்டர் பேராலயம்: சேற்றில் நிற்கும் கல்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தை 1079இல் கட்டத் தொடங்கினார்கள். 1107இல் நடுக்கோபுரம் சரிந்தது. மறுபடி கட்டியவர்கள் பயத்தில் தூண்களைத் தேவைக்கு மேலேயே பருமனாக்கிவிட்டார்கள். குறுக்குக்கூடத்தின், அதாவது சிலுவை வடிவக் கட்டடத்தின் இரு கைகளின், சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால் எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியும்: பழைய கற்களுக்கு நடுவே சாந்து தடிமனாக இருக்கும், சரிவுக்குப் பின் வைத்த கற்களில் இணைப்பு மெல்லிய கோடுதான்.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் வின்ஃபோர்டு என்ற தலைமைக் கொத்தர் நீளக்கூடத்தை, அதாவது மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடத்தை, மாற்றியமைத்தார். பழைய தூண்களை இடிக்கவில்லை. சிலவற்றை நின்ற இடத்திலேயே புது வடிவத்துக்குச் செதுக்கினார்கள். மற்றவற்றின் மேற்கல்லை உரித்துப் புதுக்கல் பதித்தார்கள். உயரவாக்கில் மூன்றடுக்காக இருந்த சுவர் இரண்டடுக்கானது. உள்ளே இருப்பது இன்றும் முதலில் கட்டிய நார்மன் காலத்துக் கல்தான்.

வம்பு கிழக்குக் கோடியில். 1202 வாக்கில் பிஷப் டி லூசி அதை நீட்டியபோது, சதுப்பில் பீச் மரக்கட்டைகளைப் பரப்பி அவற்றின் மேல் சுவர் எழுப்பினார்கள். நீரில் மூழ்கிய மரம் காற்றுப் படாததால் எளிதில் மட்காது. ஆனால் அடியிலிருந்த பீட் மண், அதாவது மக்கிய செடிகொடிகளின் அடுக்கு, பாரத்தில் நசுங்கிக்கொண்டே போனது. சுவர்கள் வெளிப்புறம் சாய்ந்தன. 1905இல் பெரிய விரிசல்கள்.

தீர்வு: சுவரோரமாகச் சிறு சிறு குழியாகத் தோண்டி, பீட்டை எடுத்துவிட்டு, கீழேயுள்ள கெட்டியான சரளை வரை புது அஸ்திவாரம். ஆனால் பீட்டைத் துளைத்ததும் தண்ணீர் பீறிட்டது. பம்பு வைத்து இறைத்தால் நீரோடு மண்ணும் வந்து சுவர் இன்னும் இறங்கும். அதனால் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸ், வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவரை இறக்கினார். கலங்கல் நீரில் விளக்குப் பயன்படாது. கையால் தடவித்தான் வேலை. மிச்ச பீட்டை வெட்டியெடுத்து, கான்கிரீட் மூட்டைகளை நெருக்கி அடுக்கிக் கிழித்துவிடுவார். அது இறுகி அடியை அடைத்த பிறகே நீரை இறைப்பார்கள். அதற்கப்புறம் கொத்தர்கள் இறங்கி, கான்கிரீட் கட்டிகளையும் செங்கற்களையும் சுவரின் அடிவரை ஏற்றிக் கட்டுவார்கள். 1906 முதல் 1911 வரை 25,800 மூட்டைகள், 1,14,900 கட்டிகள், 9,00,000 செங்கற்கள் போயின.

(வாக்கருக்கு 1964இல் வைத்த சிலையில் தவறுதலாக ஃபாக்ஸின் முகம்! 2001இல்தான் சரியான சிலை வந்தது.)

நிலவறையில் மழைக்காலத்தில் இன்றும் தண்ணீர் ஏறுகிறது. அதன் தரை நிலத்தடி நீர்மட்டத்துக்கு அவ்வளவு அருகில். வாக்கர் அடைத்தது குழிகளின் அடியைத்தான்.