இரண்டு திரை, இரண்டு வானம்

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “ஆன்லைன் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஒண்டிக்கு ஒண்டி டாக்ஃபைட், அதாவது விமானச் சண்டை, ஆடுகிறோம். என் திரையில் எதிராளியின் குண்டெல்லாம் என் வாலுக்குப் பின்னால்தான் போகிறது. ஆனாலும் என் இறக்கை பிய்ந்து விழுகிறது. இது ஹேக்தானே?”

பெரும்பாலும் இல்லை. நீங்கள் பார்த்ததும் நிஜம், அவர் குறி தப்பாமல் சுட்டதும் நிஜம். இந்த விளையாட்டின் நாகரிகங்கள் பலவும் இதிலிருந்துதான் பிறந்தன என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் வேலூரிலிருந்து ஏறக்குறைய 3,000 கி.மீ.; போய்வர குறைந்தது 30 மில்லிவினாடி. ஜெர்மனி என்றால் 75. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியெல்லாம் ரவுட்டர்கள் வேறு, ஆகவே நடைமுறையில் இன்னும் கூடும். வினாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 100 மில்லிவினாடியில் 20 மீட்டர் நகர்ந்துவிடும். எதிராளி இருக்கும் இடம் பற்றிய தகவல் உங்களிடம் வரும்போதே பழசு. அப்படியானால் அவர் விமானம் திரையில் தத்தித் தத்தி வராமல் வழுக்கிக்கொண்டு பறப்பது எப்படி?

பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும் அண்ணன் போன் செய்கிறார்: “ஆம்பூர் தாண்டிட்டேன்.” அடுத்த போன் வரவேண்டிய அவசியமே இல்லை. இன்னும் 50 கி.மீ., ஒரு மணி நேரத்தில் வேலூர் என்று வீட்டில் மனக்கணக்குப் போட்டுவிடுவார்கள். அரை மணி கழித்து யாராவது கேட்டால், “பள்ளிகொண்டா பக்கம் வந்திருப்பான்” என்று பதில் வரும். சிமுலேட்டரும் இதையேதான் செய்கிறது. கடைசியாக வந்த இடம், வேகம், முடுக்கம் மூன்றையும் வைத்து, இந்த நொடியில் எதிராளி எங்கே இருப்பார் என்று ஊகித்து வரைகிறது. மாலுமிகளிடமிருந்து வந்த பெயர் இதற்கு: டெட் ரெக்கனிங்.

1980-களில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டார்பா டாங்கிப் பயிற்சிக்காக உருவாக்கிய சிம்நெட் வலையமைப்பு இந்த முறையில்தான் ஓடியது. அதிலுள்ள ஒரு யுக்தி அபாரமானது. அனுப்புகிற கணினி தன் விமானத்தைச் சரியாகக் கணக்கிடுவதோடு நிற்காது. மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன ஊகித்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் கூடவே கணக்கிடும். நிஜத்துக்கும் ஊகத்துக்கும் இடைவெளி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மட்டும் புதுத் தகவல் போகும். பஸ் வழக்கம்போல் ஓடும்வரை அண்ணன் வாய் திறக்கமாட்டார். பிரியாணிக்கு இறங்கினால்தான், “லேட்டாகும்” என்பார். 1993-இல் இந்த முறை ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 1278 என்ற தரநிலைக்குள் வந்தது.

நேராகப் பறக்கிறவரை ஊகம் கச்சிதம். எதிராளி திடீரென்று 7 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் ஏழு மடங்கு விசையில், இழுத்துத் திரும்பினால்தான் சிக்கல். தாமதம் 0.1 வினாடி என்றால் பிழை வெறும் 34 செ.மீ. 0.2 என்றால் 1.4 மீட்டர். 0.5 என்றால் 8.6 மீட்டர், இரண்டாம் உலகப்போர் காலத்துப் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. தாமதம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காவதைக் கவனியுங்கள்.

மூக்கின் திசை இதைவிட மோசம். வினாடிக்கு 20 பாகை திரும்பும் விமானம் 0.2 வினாடியில் 4 பாகை திரும்பியிருக்கும். பல சிமுலேட்டர்கள் இடத்தை ஊகிக்கும் அளவுக்குத் திசையை ஊகிப்பதில்லை. 300 மீட்டர் தூரத்தில் 4 பாகை என்றால் 21 மீட்டர். எதிராளி உங்களுக்கு முன்னால் குறிவைத்துச் சுட்டிருப்பார். உங்கள் திரையில் அவர் மூக்கு இன்னும் உங்கள் வாலுக்குப் பின்னால்தான் நிற்கும். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பல சிமுலேட்டர்களில் சுடுகிறவரின் கணினியே தீர்மானிக்கிறது. காட்பாடி மாணவருக்குப் பதில் இதுதான்.

ஆகவே ஹேக் என்று கத்துவதற்கு முன் இருவர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பதிவு உங்கள் வானத்தைத்தான் காட்டும்.

சண்டைக்கு முன் இணைப்பைச் சரிசெய்வது எதிராளிக்குச் செய்யும் முதல் மரியாதை. 100 முறை பிங் கொடுத்து (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரத்தை அளந்து), சராசரியை விடுங்கள், உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நிலையான 150 மில்லிவினாடி, நாற்பதுக்கும் இருநூறுக்கும் இடையே குதிக்கும் பிங்கைவிட எவ்வளவோ மேல். குதித்தால் உங்கள் விமானம் அவர் திரையில் பல்லி மாதிரி தாவும். வைஃபையை விட்டு லேன் கேபிள் மாட்டுங்கள். வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்க்கும் நேரத்தில் சவால் விடாதீர்கள்.

விமானம், எரிபொருள், உயரம், பீரங்கி மட்டுமா ஏவுகணையும் உண்டா என்பதையெல்லாம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ஒரே விமானம், பாதி டாங்க், 4,000 மீட்டர் என்பது நல்ல தொடக்கம். வெப்பநிலையையும் கேளுங்கள். 15 பாகைக்குப் பதில் நம்மூர் மே மாதத்து 40 பாகையை வைத்தால் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறையும். இன்ஜினும் இறக்கையும் இரண்டுமே சோர்ந்துபோகும்.

இருவரும் எதிரெதிரே வந்து கடக்கும்வரை சுடக்கூடாது. அந்தக் கடப்பைத்தான் மெர்ஜ் என்கிறார்கள். இருவரும் 200 மீட்டர் வேகத்தில் வந்தால் இடைவெளி வினாடிக்கு 400 மீட்டர் குறையும். 800 மீட்டரில் விசையை அழுத்தினால் மொத்தச் சண்டையும் 2 வினாடி. அவரவர் கணினி அவரவருக்குத் தீர்ப்புச் சொல்வதால் இருவருமே சாவது சகஜம். அதில் திறமைக்கு வேலையே இல்லை. இடப்பக்கத்துக்கு இடப்பக்கமாக, 150 மீட்டர் விலகிக் கடக்க வேண்டும். கடைசி நொடியில் ஒருவர் ஒதுங்குவது அடுத்தவர் திரைக்கு வந்து சேராது. ஒரு திரையில் மோதல், மறுதிரையில் ஒன்றுமே நடக்காதது போலப் பறத்தல் என்று முடியும்.

கடந்த பிறகுதான் சுவையே ஆரம்பம். 200 மீட்டர் வேகத்தில் 7 ஜி தாங்கும் விமானம் 590 மீட்டர் ஆர வட்டத்தை 18.5 வினாடியில் முடிக்கும். 300 மீட்டர் வேகத்தில் அதே 7 ஜி என்றால் ஆரம் 1,320 மீட்டர், நேரம் 28 வினாடி. 100-க்கு இறங்கினால் இறக்கைக்குத் தூக்குசக்தி போதாது, 1.75 ஜிதான் கிடைக்கும்; ஒரு வட்டத்துக்கு 45 வினாடி. மிகச் சீக்கிரம் திரும்ப முடிகிற, நடுவிலுள்ள அந்த 200 தான் கார்னர் ஸ்பீட். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: பயத்தில் ஜாய்ஸ்டிக்கை வயிறுவரை இழுத்து, இரண்டே வட்டத்தில் வேகத்தைத் தொலைத்து, நின்ற இடத்தில் நிற்பார்கள். வேகம் என்பது சேமிப்பு. 200 மீட்டர் வேகத்தில் இருக்கும் ஆற்றல் 2,040 மீட்டர் உயரத்துக்குச் சமம். காவலூர் வானாய்வகம் நிற்கும் 725 மீட்டரைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டு மூன்று வினாடி பிடியைத் தளர்த்தி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள். சேமிப்பு திரும்பி வரும்.

நம் பொறியியல் கல்லூரிகள் ஆய்வகத்தில் ஒரு சர்வரை இதற்கென ஒதுக்கினால், நெட்வொர்க் தாமதத்தை மாணவர்கள் தங்கள் கையாலேயே அளந்து பார்ப்பார்கள். ஆண்டுதோறும் ஒரே மாதிரி வந்து குவியும் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளுக்குச் செலவழிப்பதைவிட இது மேலான செலவு என்பது என் உறுதியான கருத்து.

பாராசூட்டில் குதித்தவரைச் சுடக்கூடாது. மூன்றாமவர் வந்தால் மேலே வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். அடி வாங்கியதும் லைனைத் துண்டித்துவிட்டு ஓடுவது மிகப் பெரிய அவமரியாதை. மின்வெட்டு அதைப் போலவே தெரியும் என்பதால், ரவுட்டருக்காவது ஒரு சிறிய யு.பி.எஸ். வையுங்கள், கணினி அணைந்தாலும் போனிலிருந்து “கரண்ட் போச்சு” என்று ஒரு வரி போடலாம். அந்தச் சுற்று கணக்கில் வராது. கரண்ட் வந்ததும் அதே உயரம், அதே எரிபொருள், மறுபடி மெர்ஜ்.