லினக்ஸ் ரூட் பார்ட்டிஷனுக்கு 20 ஜிபி போதும்னு இன்னும் யாராச்சும் சொன்னா கேக்காதீங்க

லினக்ஸ் டெஸ்க்டாப் போட்டுக் குடுத்து பராமரிக்கிறதுதான் என் வேலை. அடிக்கடி வர்ற கேஸ் ஒண்ணு, பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறேன் ஆனா திரும்பத் திரும்ப லாகின் ஸ்கிரீனுக்கே வந்து நிக்குது, அப்டேட்டும் பாதியில நின்னுடுச்சுன்னு சொல்லுவாங்க, திறந்து பாத்தா ஹோம் பார்ட்டிஷன்ல (நம்ம ஃபைல்கள் இருக்கிற டிஸ்க் பகுதி) 300, 400 ஜிபி சும்மா கெடக்கும், ரூட் (சிஸ்டமும் புரோகிராம்களும் இருக்கிற பகுதி) மட்டும் 100 சதவீதம் ஃபுல்லா இருக்கும்.

20 ஜிபி ஒரு காலத்துல சரிதான். இப்போ ஆப் இறக்குற ஃபிளாட்பேக், ஸ்நாப், புரோகிராமைத் தனிப் பெட்டியா ஓட்டுற டாக்கர் எல்லாமே வழக்கமா ரூட்டுக்குள்ள இருக்கிற வார் (/var) ஃபோல்டர்லதான் போய் உக்காருது, டாக்கர் இமேஜ் நாலஞ்சு இறக்கினாலே பல ஜிபி காலி, அதோட பழைய கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி), லாக், டவுன்லோட் ஆன பேக்கேஜ் கேஷ், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்புற டைம்ஷிஃப்ட் வச்சிருந்தா அதோட ஸ்நாப்ஷாட்டும் சேருது. அதனால 500 ஜிபி டிஸ்க்னா ரூட்டுக்கு 80லருந்து 100 ஜிபி தாராளமா குடுங்க. 128 ஜிபி எஸ்எஸ்டின்னா ஹோமைப் பிரிக்கவே வேண்டாம், ஒரே பார்ட்டிஷனா விடுங்க, இல்லன்னா ஒரு பக்கம் இடம் வீணாகும் இன்னொரு பக்கம் மூச்சு முட்டும்.

ரேம் பத்தாதப்ப டிஸ்க்ல எடுத்துக்கிற ஸ்வாப்புக்கு ரேம்ல ரெண்டு மடங்குங்கிற கணக்கெல்லாம் இப்ப வேண்டாம். ஹைபர்நேட் (ரேம்ல இருக்கிறத டிஸ்க்ல எழுதிட்டு மெஷினை அணைக்கிறது) பண்ணுவீங்கன்னா ரேம் அளவுக்காவது வேணும், இல்லன்னா 4 ஜிபி ஸ்வாப் ஃபைல் போதும், அத அப்புறமா பெருசாக்கிக்கலாம். மெஷின் கிளம்புறப்ப படிக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு 512 எம்பி. டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி கெர்னல் இருக்கிற பூட் பார்ட்டிஷன் தனியா வந்தா அதுக்கு 1 ஜிபிக்குக் குறையாம வைங்க, ஒவ்வொரு கெர்னலும் 100 எம்பிக்கு மேல கூட பிடிக்கும்.

பலருக்குத் தெரியாத ஒண்ணு, இஎக்ஸ்டி4ங்கிற ஃபைல்சிஸ்டம் வழக்கமா 5 சதவீத இடத்தை ரூட் யூசருக்குன்னு (அட்மின் கணக்கு, ரூட் பார்ட்டிஷன் இல்ல) ஒதுக்கி வச்சிடும். 1 டிபி ஹோம்னா சுமார் 50 ஜிபி. ஹோம்ல அத டியூன்2எஃப்எஸ் (tune2fs) கமாண்ட் வச்சு 1 சதவீதமா குறைக்கலாம், ரூட் பார்ட்டிஷன்ல மட்டும் கை வைக்காதீங்க, டிஸ்க் நிறைஞ்ச நேரத்துல உள்ள போய் சுத்தம் பண்ண அதுதான் வழி விடும்.

ஏற்கெனவே ரூட் நிறைஞ்சுட்டவங்க கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோல்ல லாகின் பண்ணி பேக்கேஜ் கேஷையும் பழைய ஜர்னல் லாக்கையும் முதல்ல அழிங்க, பெரும்பாலும் அதுலயே டெஸ்க்டாப் திரும்பி வந்துடும். அதுக்கப்புறம் ரூட்டைப் பெருசாக்கணும்னா பக்கத்துல இருக்கிற ஹோமோட தொடக்கத்தை நகர்த்தணும், அதாவது மொத்த டேட்டாவும் டிஸ்க்குள்ளயே இடம் மாறும், மணிக்கணக்கா ஓடலாம், நடுவுல கரண்ட் போனா ஹோம் மொத்தமும் போயிடலாம், அதனால வேற டிஸ்க்ல பேக்கப் எடுத்து அது திறக்குதான்னும் பாத்துட்டு அப்புறம் லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் பண்ணாம லினக்ஸ் ஓட்டுற பென்டிரைவ்) போட்டு ஜிபார்ட்டெட்ங்கிற பார்ட்டிஷன் டூலைத் திறங்க. ஹோம் எக்ஸ்எஃப்எஸ்ங்கிற ஃபைல்சிஸ்டம்னா அதுவும் நடக்காது, அத சுருக்கவே முடியாது.