முட்டி வலி மாத்திரைக்கும் கிட்னிக்கும் என்ன பகை?

"முட்டி வலின்னு போனா டாக்டர் ஏன் பிரஷர் மாத்திரையைக் காட்டச் சொல்றாரு, கிட்னிக்கு ரத்தம் எடுக்கிறாரு?" மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் வாசகி ஒருவரின் கேள்வி. அம்மாவுக்கு வயது 70, எடை 45 கிலோ, காலமெல்லாம் ரப்பர் மரம் சீவிய முட்டி. அரசாங்கக் கிளினிக்கில் பிரஷருக்குத் தருவது பெரிண்டோப்ரில் 4 மில்லிகிராம், ஹைட்ரோகுளோரோதயசைடு 25 மில்லிகிராம். அம்மா கேட்பதோ, போன தடவை "நல்லா கேட்ட" வலி மாத்திரையான டைக்ளோபெனாக்.

சிறுநீரகம் ரத்தத்தை வடிக்கிறது, அதற்கு அழுத்தம் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். பாடத்தில் விட்டுப்போன அழகு ஒன்று உண்டு. ரத்தத்தை வடிக்கும் நுண்குழாய்ப் பின்னலான ஒவ்வொரு வடிமுடிச்சுக்கும் ரத்தம் வர ஒரு நுண்குழாய், போக ஒரு நுண்குழாய். இரண்டையும் உடம்பு தனித்தனியே சுருக்கும், விரிக்கும். பொத்தல் விழுந்த ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பொத்தல்களில் தண்ணீர் பீறிடும். பைப்பைத் திருகிக் குறைத்தால் வெறுமனே சொட்டும். உடம்பில் நீர் குறையும்போது உடம்பே சுரக்கும் இரண்டு பொருள்கள் வேலை செய்யும்: புரோஸ்டாகிளாண்டின் வரும் வழியை விரித்துப் பிடிக்கும், ஆஞ்சியோடென்சின் போகும் வழியை இறுக்கும். ரத்தம் குறைந்தாலும் வடிப்பு நிற்காது. எந்தப் பொறியாளரும் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு!

இனி மாத்திரைகளுக்கு வருவோம். ஹைட்ரோகுளோரோதயசைடு நீரை வெளியேற்றுகிறது. பெரிண்டோப்ரில் ஆஞ்சியோடென்சினைக் குறைப்பதால் போகும் வழி தளர்கிறது. இதுவரை சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். பல நோயாளிகளுக்கு இந்தத் தளர்வு நல்லதும்கூட. டைக்ளோபெனாக் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கிறது. வலி குறைவதும் அதனால்தான், வரும் வழி சுருங்குவதும் அதனால்தான். மூன்றும் கூடிய உடம்புக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும், சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும்.

அந்தக் கிரியேட்டினினும் ஆளை ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது; தசை குறைந்த உடம்பில் வடிப்பு குறைந்தாலும் எண் அதிகம் ஏறாது. அம்மாவுக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 90 மைக்ரோமோல் என்றால் பார்க்க நல்ல எண்தான். கணக்குப் போடுங்கள்: 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, பெண்ணுக்கு 1.04ஆல் பெருக்கி, 90ஆல் வகுத்தால் சிறுநீரகம் வடிக்கும் அளவு நிமிடத்துக்குச் சுமார் 36 மில்லிலிட்டர். அதே 90 உள்ள, 70 கிலோ எடையுள்ள 30 வயது ஆணுக்கு (பெருக்கு எண் 1.23) சுமார் 105. தாளில் ஒரே எண், ஆனால் அம்மாவின் சிறுநீரகம் வடிப்பது மூன்றில் ஒரு பங்கு.

அதனால்தான் டாக்டர் பாராசிட்டமோல் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதுகிறார். மேலே தடவ ஒரு ஜெல், தொடைத் தசைக்குப் பயிற்சி. தடவும் மருந்து ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். வாந்தி, பேதி வந்தால் அந்த நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். பிரஷர் மாத்திரையை நாமாக விட்டுவிடக்கூடாது.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் பெயரில்லாத ஜாமு என்ற மூலிகை மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஒரே நாளில் முட்டி வலி பறந்தால் மூலிகையைச் சந்தேகியுங்கள். இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து: உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். பாக்கெட்டோடு டாக்டரிடம் போனால், படிப்படியாகக் குறைத்து நிறுத்த வழி செய்வார்.