பிளாஸ்மாவைச் சூடாக்கும் ரேடியோ அலை: எதற்கு அஞ்ச வேண்டும்?

உயர்திறன் ரேடியோ அலைக் கருவிகளோடு வேலை செய்பவன் நான். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் அணுக்கரு இணைவு (லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பது) பற்றியும், அதற்கான எரிபொருளை ரேடியோ அலையால் சூடாக்குவது பற்றியும் பேசும்போதெல்லாம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "அந்த அலை பிள்ளைகளுக்குக் கேடு செய்யாதா?" ஹைட்ரோகார்பன் கிணறுகளை எதிர்த்து நின்ற மண் இது, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் அதனால்தான். கேட்கத்தான் வேண்டும்.

நெல் அவிக்கும்போது முதலில் அண்டா சூடேறும், பிறகுதான் நெல். இணைவு உலையில் அது நடக்காது. பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஐட்டர் உலையில் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து அணுக்கள் மின்னூட்டமுள்ள அயனிகளாகிவிட்ட வாயு, 15 கோடி டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரமே கிடையாது. காந்தப்புலம்தான் அதைச் சுவரில் படாமல் நிறுத்துகிறது. மின்னோட்டம் செலுத்தியும் சூடேற்றலாம். ஆனால் சூடு ஏற ஏறப் பிளாஸ்மாவின் மின்தடை குறைந்துவிடுவதால், ஒரு கட்டத்துக்கு மேல் அது பலன் தராது. காந்தப்புலத்தில் ஒவ்வொரு வகை அயனியும் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் சுழலும். அதனோடோ அதன் மடங்கோடோ ரேடியோ அலை பொருந்தினால் ஆற்றல் நேரே அயனிக்குப் போகிறது. ஐட்டரில் இதற்கு 40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ். இதற்கான அலைத்திறன் மூலங்களைத் தரும் பொறுப்பு இந்தியாவுடையது. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் அதில் உழைக்கிறது.

நம் காரைக்கால் பண்பலையே இதைவிட உயர்ந்த அதிர்வெண்ணில்தான் வருகிறது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் வலு இந்த அலைக்கு இல்லை. உடலைச் சூடாக்கும் வலு உண்டு. கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டம் இல்லாததால் சூடு அங்கே எளிதில் தணியாது. அதனால்தான் அலைக்குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு அளக்கிறோம். அலையைவிட நான் அஞ்சுவது உயர் மின்னழுத்தத்துக்கு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எர்த் கம்பியால் அதை இறக்காமல் கை வைத்தால் உயிர் போகும். இந்தத் துறைக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

இணைவு உலையில் கதிரியக்கமே இல்லை என்று எவராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். எரிபொருள்களில் ஒன்றான டிரிட்டியம் (ஹைட்ரஜனின் ஒரு வகை) கதிரியக்கப் பொருள். வெளிவரும் நியூட்ரான்கள் உலையின் சுவரையும் கதிரியக்கமாக்கும். அந்தக் கேள்வியை அங்கே கேளுங்கள், அலையிடம் அல்ல.

டெல்டாவில் உங்களுக்கு உண்மையில் எதிர்ப்படக்கூடியது பிசியோதெரபி மையத்தின் டயாதெர்மி கருவி. 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால்தான் அது மூட்டுவலிக்குச் சூடு தருகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது ஆகாது. உடலுக்குள் உலோகத் தகடு இருந்தாலும், கருவுற்றிருந்தாலும், கருவியைப் போடுமுன் சிகிச்சை தருபவரிடம் சொல்லிவிடுங்கள்.