ஓணான் அசையும் வரை

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவருக்குப் பெரியவரான பிறகு பார்வை கிடைத்தால், அதுவரை தடவித் தடவியே அறிந்த பந்தையும் பெட்டியையும் தொடாமல் பார்த்தே அடையாளம் சொல்வாரா? ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பழைய கேள்விதான். 1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினூ இதைத் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்குக் கடிதமாக எழுதினார். மாலினூவின் மனைவி பார்வையை இழந்தவர். பார்த்த மாத்திரத்தில் அவரால் அடையாளம் சொல்ல முடியாது என்பது லாக்கின் பதில்.

இதை முறையாகச் சோதிக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பணக்கார நாடுகளில் பிறவிக் கண்புரையைக் கைக்குழந்தையிலேயே எடுத்துவிடுவார்கள். பத்து வயது தாண்டியும் புரையோடு வளர்கிற பிள்ளைகள் இந்தியாவில் இருந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம் அவர்களுக்குச் சிகிச்சையும் தந்தது, அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் செய்தது. 2011இல் முடிவு வெளியானது. 8 முதல் 17 வயது வரை ஐந்து பேர். சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குள் சோதனை. கண்ணால் பார்த்த கட்டையை மறுபடி கண்ணால் கண்டுபிடிப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் சரி. கையால் தடவியதைக் கண்ணால் கண்டுபிடிப்பதில் 58 சதவீதம்தான், பூவா தலையா போட்ட மாதிரி. ஆனால் சில நாட்களிலேயே அதுவும் கைவந்தது.

சரி, லாக் ஜெயித்தார். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. புதிதாகப் பார்வை பெற்றவர்களிடம், ஒரு வட்டமும் சதுரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கோட்டுப்படத்தைக் காட்டி எத்தனை உருவம் என்று கேட்டார்கள். மூன்று என்றார்கள்! இரண்டும் வெட்டிக்கொள்ளும் துண்டையும் தனிப் பொருளாக எண்ணியிருக்கிறார்கள். நமக்கு ஒரே பசுவாகத் தெரிவது அவர்களுக்கு வெள்ளைத் திட்டு, கறுப்புத் திட்டு, நிழல் என்று சிதறிக் கிடக்கும். எது எதோடு சேரும் என்று கண் சொல்வதில்லை. மூளைதான் ஒட்ட வேண்டும்.

அந்த வட்டத்தையும் சதுரத்தையும் தனித்தனியே நகர்த்திக் காட்டியதும் பதில் சரியாக வந்தது: இரண்டு. ஒன்றாக நகர்வது ஒரே பொருள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் மூளை உலகத்தை வெட்டி எடுக்கிறது. மரப்பட்டையோடு பட்டையாகக் கிடக்கும் ஓணான் தலையை ஆட்டும் வரை நமக்குமே தெரியாதே! அவர்களுக்கு முதலில் பிடிபட்டவையும் பெரும்பாலும் நடமாடும் பொருள்கள்தான். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு போனதும் அசையாத படங்களையும் பிரித்தறியத் தொடங்கினார்கள். நகர்ந்தபோது கற்ற பாடம் நின்றபோது உதவியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். கண்புரையோடு குழந்தை பிறந்தால், கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று இன்னமும் பழி போடுகிறார்கள். பிறவிக் கண்புரைக்கு உண்மையான காரணங்களில் ஒன்று, கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாக்கும் ரூபெல்லா கிருமி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தயங்கிய பெற்றோரும் கிரகணத்துக்கு மட்டும் கதவைச் சாத்தத் தவறுவதில்லை.