எம்.ஓ.எச். பணிமனையில் உங்களுக்கு உரியது என்ன?

கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிற பிள்ளை தலைப்பிள்ளைப் பேறுக்காக யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டுக்கு வருகிறாள். சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையின் கிளினிக்கில் காட்டப் போனால், "உங்கட பதிவு அங்கதானே, அங்க போய்க் காட்டுங்கோ" என்று திருப்பி விடுகிறார்கள். ஏழு மாத வயிற்றோடு பஸ் ஏறி வவுனியாவுக்கு யார் போவது? கிளினிக்கே வேண்டாமென்று வீட்டில் இருந்துவிடுகிறாள். இப்படித் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் இன்று நாடு முழுக்க எம்.ஓ.எச். பணிமனைகளாக இருக்கிறது. நோய் வராமல் பார்ப்பதுதான் அதன் வேலை. சேவைக்குக் காசு இல்லை.

அந்தச் சேவை நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. வாக்காளர் இடாப்பும் அடையாள அட்டை விலாசமும் இதற்குள் வரக்கூடாது. தாய்வீட்டுக்கு வரமுன் அங்குள்ள மிட்வைஃபிடம் (குடும்பநல உத்தியோகத்தரிடம்) சொல்லிவிட்டு, கர்ப்பவதி கார்டைக் கையோடு கொண்டு வாருங்கள். வந்ததும் இங்குள்ள மிட்வைஃபுக்குத் தெரியப்படுத்துங்கள். பலர் கோட்டை விடுவது பேறு முடிந்து துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போதுதான். ஆஸ்பத்திரியில் அடையாள அட்டையைப் பார்த்துப் பழைய விலாசத்தை எழுதிவிடுவார்கள். முதல் பத்து நாட்களுக்குள் மிட்வைஃப் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். விலாசம் பிழைத்தால் அங்கேயும் ஆள் இல்லை, இங்கேயும் யாரும் வரமாட்டார்கள். தங்கப்போகும் வீட்டு விலாசத்தைச் சொல்லி எழுதுவியுங்கள்.

சனலிங் டொக்டரிடம் காட்டுகிறோம், கிளினிக் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. டொக்டரிடம் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் மிட்வைஃபிடம் பதியாவிட்டால் போஷாக்குக் கொடுப்பனவும் இல்லை, திரிபோஷா சத்துமாவும் இல்லை. பிள்ளை தங்கிவிட்டதென்று தெரிந்த உடனேயே பதிந்துவிடுங்கள்.

பிள்ளையின் தடுப்பூசிக்கும் இதே கதைதான். 2, 4, 6, 9, 12, 18 மாதங்களிலும் பிறகு 3, 5 வயதிலும் ஊசி வரும். திகதி பிந்திவிட்டதே, ஏசுவார்களே என்று பயந்து போகாமலே விடுகிற தாய்மாரைத் தெரியும். ஏச்சு விழுந்தாலும் போங்கள். பிந்தியதற்காக ஊசியை மறுக்க முடியாது. முதலிலிருந்து தொடங்கவும் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். லேசான தடிமன், இருமல் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல. கார்ட் தொலைந்தால் மிட்வைஃபின் பதிவேட்டில் விபரம் இருக்கும், அதைப் பார்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, நிறை பார்க்க ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை தனிக் கிளினிக்கில் நடக்கும். வருத்தம் ஒன்றும் இல்லாதவர்கள்தான் இவற்றுக்குப் போகவேண்டும். "என்ன வருத்தம்?" என்று வாசலில் கேட்டால், "செக் பண்ண வந்தனான்" என்ற பதில் போதும்.

இனி வயல் காரியம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. அதற்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது. காலபோகத்தில் வயலில் இறங்கமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) பெயர் பதிந்தால் இலவசமாகத் தருவார்கள். காணிச் சொந்தக்காரருக்கு மட்டும் என்று நினைத்துக் கூலிக்குப் போகிறவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். சேற்றில் கால் வைக்கிற எவருக்கும் அது உரியது. கர்ப்பவதிகள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் எடுக்கவேண்டாம். காய்ச்சல் வந்தால், "வயலுக்குள் இறங்கினனான்" என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது முறைப்பாடுதான். பக்கத்து வளவில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று போனால், பி.எச்.ஐ. பிரதேச சபையைக் காட்டுவார், சபை பி.எச்.ஐ.யைக் காட்டும். எடுபடாத குப்பையும் சபை வீதியின் வாய்க்காலும் சபையின் பொறுப்பு. நுளம்பு பெருகும் வளவு, கிணற்றில் கசியும் மலகூடம், பழுதான சாப்பாடு விற்கும் கடை எல்லாம் பி.எச்.ஐ.யின் வேலை. நுளம்புக்கென்றே 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வழக்குப் போடவும் முடியும். சாப்பாட்டு விஷயத்தில் பைக்கற்றையும் பில்லையும் எறியாதீர்கள். நீங்கள் பையில் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை மட்டும் வைத்து வழக்கு நிற்பது கஷ்டம். பி.எச்.ஐ.யே கடைக்குப் போய் மாதிரி எடுக்கவேண்டும், அதனால் அன்றைக்கே சொல்லுங்கள்.

வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு அடுத்த நாள் ஆதாரம் இருக்காது. தமிழிலேயே கடிதம் எழுதி இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். "சேர் இல்லை, நாளைக்கு வாங்கோ" என்றாலும் கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பாதீர்கள், பாரமெடுக்க சேர் இருக்கத் தேவையில்லை. முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அதற்கும் அசைவு இல்லையென்றால் அந்தப் பிரதியோடு யாழ். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். கூடவே 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இத்தனையாம் திகதி நான் தந்த முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று தகவல் அலுவலரிடம் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.